டீச்சர் வீட்டுக்கு வந்த வேலை

…நீங்களே சொல்லுங்க டீச்சர், நான் அப்படி என்னத்த அதிகமாப் பேசிட்டேன்? ஐயோ, சொல்லாதீங்க, சொல்லாதீங்க! தொண்டையில ஆபரேஷன் பண்ணின ஆளு. பத்து நாளைக்குப் பேசவே கூடாதாமே, உங்க மருமக வாசல்லயே சொல்லிட்டா. சொல்லிட்டுக் கடைக்குப் போறேன்னு ஒரே ஓட்டமா ஓடிட்டா. அந்த நோட்டும் வேணாம், இப்படிக் குடுங்க. எதுக்கு எழுதிச் சிரமப்படறீங்க? அலமாரி மேல வச்சிடறேன். கண்ணப் பாத்தே புரிஞ்சுக்குவேன் நான்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், நம்ம மாதா கோயில் பங்குச்சாமி! நேத்து கூப்பிட்டுச் சொல்றாரு, "நோயாளிங்க வீட்டுக்குப் போற பணியில இருந்து உங்களை எடுத்துடலாமான்னு யோசிக்கிறேன். மூணு வீட்டுல இருந்து புகார். இந்த ஞாயிறு டீச்சர் வீட்டுக்குப் போங்க, அவங்களும் குறை சொன்னா இதோட நிறுத்திக்குவோம்"னு. எனக்கு! முப்பத்திரெண்டு வருஷம் ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொன்னவன் டீச்சர் நான். வண்டி அஞ்சு மணி நேரம் லேட்டுன்னு சொன்னப்பகூட ஜனங்க வண்டியத்தான் திட்டினாங்க, என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல.

பட்டப்பகல்ல எதுக்கு மெழுகுவத்தி? அணைச்சாத்தான் ஃபேன் போட முடியும். ஊஃப்! இப்பப் பரவால்ல. ஈரக் குடையை இந்த மேசை மேல வைக்கிறேன். மேசைக்கு வெள்ளைத் துணியெல்லாம் விரிச்சிருக்காளே, கெட்டிக்காரிதான். வர்றவங்களுக்குத் தாகமா இருக்கும்னு தண்ணிகூட... ஆஹா. தொண்டை நனைஞ்சுது.

முதல்ல பூசையில வாசகம் வாசிக்கிற பணி குடுத்தாங்க. வாசிச்சேன். முடிச்சுட்டு ரெண்டே ரெண்டு வார்த்தை விளக்கம். அது சாமியோட பிரசங்கத்தைவிட நீளம்னு பாட்டுக்குழு போட்டுக் குடுத்துருச்சு! சரி, அறிவிப்பு சொல்லுங்கன்னாங்க. எவன் கையில மைக்கைக் குடுத்துட்டு "சுருக்கமா"ங்கறாங்க பாருங்க! அப்புறம் நாற்காலி போடற பணி. நாற்காலிகிட்ட என்னத்தப் பேசிடப் போறான்னு நினைச்சிருப்பாரு. யார் யார் எங்க உக்காரணும்னு நல்லதுக்குச் சொன்னேன், அதுக்கும் கோவம்.

என்ன டீச்சர், என் நெஞ்சையே காட்டறீங்க? நெஞ்சு வலியா? எனக்கா? அதெல்லாம் இல்ல, போன மாசம்தான் ஈசிஜி எடுத்தேன். நல்ல மனசு உங்களுக்கு.

அந்த மூணு புகாரையும் கேளுங்க. முதல் வீட்டுப் பெரியவரு நான் போனாலே தூக்கம். வாசல்ல செருப்பக் கழட்டறப்ப டிவி சத்தம் கேக்குது, உள்ள காலை வச்சா போர்வைக்குள்ள குறட்டை! ரெண்டாவது, இடுப்பெலும்பு முறிஞ்ச அம்மா. ரெண்டு மாசமா எழுந்திரிக்காத மனுஷி, என்னைப் பாத்ததும் விறுவிறுன்னு நடந்து போய் பாத்ரூம் தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டாங்க. இதை ஆண்டவர் செஞ்ச புதுமைன்னு பிஷப்புக்கு எழுதிப் போட வேணாமா? புகாராம்! மூணாவது வீடு... சரி, அதை விடுங்க.

வாயத் திறக்காதீங்க! ஓ, கொட்டாவியா? மாத்திரை அப்படித்தான் அசத்தும். ஐயையோ, எதுக்குக் கையெடுத்துக் கும்பிடறீங்க? நன்றியெல்லாம் வேணாம் டீச்சர், இதுதானே என் பணி.

சிரிக்காம கேளுங்க. ரிட்டையர் ஆன மறுநாள் காலையில ஒரு வண்டிகூட என் குரலுக்காகக் காத்துக்கிட்டு இல்ல. வீட்டுக்காரி தங்கமானவதான், ஆனா நான் வாயத் திறந்தா ரிமோட்டை எடுத்துடுவா. கோயில்ல முழங்கால் போட்டுக் கேட்டேன், "ஆண்டவரே, என்னை எதுக்காவது கூப்பிடும்"னு. அந்த ஞாயிறே சாமி பிரசங்கத்துல சொல்றாரு, "பணி செய்ய ஆள் வேணும், ஆண்டவர் உங்களைக் கூப்பிடறாரு"ன்னு. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. நானூறு பேர் உக்காந்திருந்தாங்க, ஆனா என்னையேதான் சொன்னாருன்னு இன்னிக்கும் நம்பறேன். இந்தப் பணியும் போச்சுன்னா நான் எதுக்கு டீச்சர்? பயமா இருக்கு. நிஜமாவே பயமா இருக்கு.

அட, எங்க எழுந்துட்டீங்க? நீங்களும் பாத்ரூமுக்கா? இல்லையா... நோட்டா? இருங்க, விழுந்துடாதீங்க, நானே எடுத்துத் தர்றேன். என்ன இவ்வளவு பெருசா எழுதறீங்க, கரும்பலகை மாதிரி. "அஞ்சு வாரமா... கோயிலுக்கு வர முடியல. காலையில இருந்து... ஒண்ணும் சாப்பிடாம... காத்திருக்கேன். நற்கருணை... எப்பக் குடுப்பீங்க?"

ஐயோ.

ஐயோ ஆண்டவரே! இதோ, சட்டைக்குள்ள, ஆண்டவரோட உடலான அப்பம் இருக்கற சிமிழ் கழுத்துலயே தொங்குதே! பூசை முடிஞ்சதும் சாமி தன் கையாலயே மாட்டி விட்டு, "நேரா டீச்சர் வீட்டுக்குப் போங்க, வழியில யார்கிட்டயும் பேசக் கூடாது"ன்னாரு. பேசல டீச்சர், சத்தியமா ஒரு வார்த்தை பேசல! தெருவுல எத்தனை பேர் கூப்பிட்டாங்க! எல்லாத்தையும் அடக்கி அடக்கி வச்சு, இங்க வந்து உங்க தலையில கொட்டிட்டேன். ஆண்டவர் கூப்பிட்டாரு, ஆண்டவர் கூப்பிட்டாருன்னு ஒரு மணி நேரம் பீத்திக்கிட்டேனே, கூப்பிட்டவரை நெஞ்சு மேல வச்சுக்கிட்டு, அந்த நினைப்பே இல்லாம!

தீப்பெட்டி எங்க... குடையை முதல்ல எடுக்கறேன், துணியெல்லாம் ஈரமாயிருச்சே. நீங்க முழுங்கறதுக்கு வச்ச தண்ணியையும் குடிச்சுத் தொலைச்சுட்டேன், பாவி. இருங்க, அடுப்படியில மொண்டுட்டு வர்றேன்.

இந்தாங்க தண்ணி. நீங்க சாமிகிட்ட குறை சொல்ல வேணாம், நானே போய்ச் சொல்லிடறேன், எனக்கு இந்தப் பணி வேணாம்னு. வாயக் கட்டிக்கிட்டு நாற்காலியே போட்டுக்கறேன்.

மறுபடி என்ன எழுதறீங்க? திட்டுங்க, தாராளமாத் திட்டுங்க. "டாக்டர்... என்னைத்தான் பேச வேணாம்னாரு. நான் பேசலைன்னதும்... இந்த வீட்டுல யாரும்... என்கிட்டப் பேசறதில்ல. அடுத்த ஞாயிறும்... நீங்களே வாங்க. ஆனா முதல்ல நற்கருணை."

டீச்சர்... செபத்த ஆரம்பிக்கணும். ஒரு நிமிஷம் இருங்க. எனக்குப் பேச வரல.