டின்மீன்

கடல் கடந்து நாங்கள் குடியேறிய வோபர்னில் பஸ் சிவப்பு விளக்கில் நின்றது. எனக்கு முன் இருக்கையில் கைபேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த இளைஞர், பக்கத்திலிருந்த வயதான பெண்ணிடம் சொன்னார்:

"இந்தியாவும் இலங்கையும் கடல் பாதுகாப்பில நல்லா நெருங்கீட்டினமாம், அன்ரி."

"ஆரிட்டயிருந்து பாதுகாப்பு?"

"சீனாவிட்டயிருந்துதான்."

"மன்னாரில என்ர அண்ணையின்ர வலையை அறுத்தது சீனாவே? இந்திய இழுவைப் படகெல்லோ. மீன்குஞ்சையும் மிச்சம் விடாமல் வழிச்சுக்கொண்டு போட்டுது."

"அதைப் பற்றியும் பேசுவினம், அன்ரி."

"ஓம், பேசுவினம். எத்தினை வருசமாப் பேசிக்கொண்டிருக்கினம். கோட்டுச் சூட்டோட கை குலுக்கிப் படமும் எடுப்பினம். அண்ணை வள்ளத்தை வித்துப்போட்டார். கடலுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு, கறிக்குக் கடையில டின்மீன் வாங்கிறார்."