நம்பரைக் கேட்டா பூனைங்குது

— அப்ப ஒரு வாரமா மெயில் சர்வர் பேரை நீங்க எங்க மாத்திட்டிருந்தீங்க அத்தான்?

— நம்ம டொமைன் பக்கத்துலதான் மாப்ளே. காலையில மாத்துவேன், சாயங்காலம் பாப்பேன். அசையவே இல்ல.

— அசையாது. அடிப்படையில பாத்தா, ரிவர்ஸ் டிஎன்எஸ்ங்கறது முகவரி ஆளுகையில ஒரு தனி அடுக்கு. எங்க நிறுவனத்துல இதுக்குன்னே ஒரு செயல்முறை...

— மாப்ளே, நீ தலைமைக் கட்டமைப்பு ஆலோசகர்னு ஊருக்கே தெரியும். பேரைச் சொல்றதுக்குள்ள டீ ஆறிடும், அப்பேர்ப்பட்ட பதவி. இங்க உக்காந்திருக்கறது உங்க அக்கா புருஷன். அந்தக் காலத்துல கஸ்டமரைப் பாத்தது நான், லைன், சர்வரெல்லாம் பாத்தது நீ. எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

— சரி. பேரைக் கேட்டா நம்பர் சொல்றது நம்ம கையில. நம்பரைக் கேட்டா பேரு சொல்றது லைன் குடுத்த கம்பெனி கையில. நம்பர் அவங்க சொத்து, நாம குடித்தனக்காரங்க. நம்ம மெயிலை வாங்கற சர்வர், "இந்த நம்பர்ல யாரு இருக்கா?"ன்னு வீட்டுக்காரனைத்தான் கேக்கும். நீங்க ஒரு வாரமா உள்ள உக்காந்து உங்க பேரை உங்களுக்கே சொல்லிட்டிருந்திருக்கீங்க.

— சரிதான். வீட்டுக்காரன் என்ன பேரு சொல்றான்?

— இருங்க, கேக்கறேன்... வருது... பூனை.

— என்னது?

— பூனை. பக்கத்துல நம்ம பழைய கம்பெனி பேரு. வீட்டுப் பூனையைப் பாத்து சர்வருக்கு நாம மொதமொத வெச்ச பேரு அத்தான்!

— அடப்பாவி! நம்ம கஸ்டமர் லைப்ரரிலேர்ந்து "புத்தகத்தைத் திருப்பிக் குடுங்க"ன்னு மெயில் போகுது. அனுப்பினது யாருன்னு கேட்டா பூனைன்னு பதில் வருதா? எவன் திருப்பிக் குடுப்பான்?

— மெயில் போய்ச் சேந்தாத்தானே. பேரு ஒத்துவரலன்னு பாதிப் பேரு வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. மீதி ஸ்பேம்ல கிடக்கும்.

— அதான் லைப்ரரி அம்மா அஞ்சு மணி வரைக்கும் கெடு குடுத்திருக்காங்க. சரியாகலன்னா வேற கம்பெனிக்குப் போறாங்களாம். எனக்கு மிஞ்சியிருக்கறது அவங்க ஒருத்தங்கதான் மாப்ளே. அவங்களும் போயிட்டா சர்வரை அணைச்சுட்டு அலமாரியில துணி மடிச்சு வைக்க வேண்டியதுதான்.

— அந்த அலமாரிக்குள்ளதான் இன்னும் ஓடுதா?

— பின்ன? காத்து வரட்டும்னு நீதானே கதவைக் கழட்டின. இன்னும் மாட்டல. பூனை படுத்த எடத்துல பெயின்ட் தேஞ்சு கிடக்கு பாரு.

— சூட்டுக்கு வந்து படுக்கும். சர்வர் நின்னா சூடு போயிடும், உடனே எந்திரிச்சு நம்மளைப் பாத்துக் கத்தும்.

— அதைவிட நல்ல அலாரம் இன்னிக்கு வரைக்கும் யாரும் விக்கல. அதுக்கு ஒரு பதவி குடுக்கணும்னு நமக்குத் தோணல பாரு.

— மொத மெயிலை இங்கேர்ந்துதான் அனுப்பினேன். வருதான்னு பாக்க அக்கா அடுத்த ரூம்ல.

— அனுப்பின கையோட "வந்துடுச்சு, வந்துடுச்சு"ன்னு கத்தினா. நாம எழுந்து கைதட்டினோம். நிஜமா வந்தது மறுநாள். நம்ம மூஞ்சி வாடக் கூடாதுன்னு கத்தினாளாம்.

— எப்படிச் சிரிச்சோம் அன்னிக்கு...

— அப்புறம் ஒருத்தன், "இது கம்பெனி இல்ல, அலமாரி"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிப் போனான்.

— ரெண்டு வருஷமாச்சு அத்தான். இன்னும் அதையேவா?

— விடு. ஃபோனைப் போடு. கணக்கு உன் பேர்ல இருக்கு, நான் கேட்டா மாத்த மாட்டாங்க. உனக்கு மீட்டிங் வேற இருக்கும்.

— இருக்கு. அடிப்படையில... தள்ளி வெச்சிருக்கேன். ஹலோ? ஆமாங்க, ரிவர்ஸ் டிஎன்எஸ். மெயில் சர்வர் பேரையே போட்டுடுங்க... ஒரு மணி நேரத்துலயா? நல்லது... என்ன? போன வாரமா?... சரிங்க.

— ஏன் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

— இத்தனை நாளும் சரியாத்தான் இருந்திருக்கு அத்தான். போன வாரம் யாரோ கூப்பிட்டு, பழைய பேரையே போடச் சொல்லியிருக்காங்க.

— கணக்கு யார் பேர்ல?

— என் பேர்லதான். அதுக்கு ஏன் அப்படிப் பாக்குறீங்க?

— லைப்ரரி இங்கேர்ந்து போனா உங்க நிறுவனத்துக்குத்தானே போகும். பேஷ், ஆலோசகரே! வயரைப் புடுங்கி விட்டுட்டு ரிப்பேருக்கு நீயே வந்து நிக்கற.

— உங்க ஒத்த லைப்ரரியை வெச்சு எங்க நிறுவனம் என்ன பண்ணும்?

— பாத்தியா, வாய்லேர்ந்து வந்துடுச்சு, ஒத்த லைப்ரரி!

— கூப்பிட்டீங்களேன்னு வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். நான் கிளம்பறேன்.

— உக்காருடா! என்னங்க, நீங்களும்தான். தெருக்கோடி வரைக்கும் கேக்குது.

— உள்ள போம்மா நீ. உன் தம்பி பண்ணின காரியம் தெரியுமா உனக்கு?

— அவன் பண்ணல. நான் பண்ணினேன்.

— அக்கா?

— லைன் வாங்கறப்ப தொடர்புக்கு என் ஃபோன் நம்பரைத்தானேடா குடுத்த? அதுலேர்ந்து கூப்பிட்டுச் சொன்னேன், மாத்திட்டாங்க. லைப்ரரி அம்மா எங்கேயும் போகல. கெடு விதிக்கச் சொன்னதும் நான்தான். புத்தகம் ஒரு வாரம் கழிச்சுத் திரும்பினா யாரும் அழ மாட்டாங்கன்னு சிரிச்சாங்க.

— உனக்கு விளையாட்டா இருக்கா? ஒரு வாரமா நான் சரியாத் தூங்கல!

— நான் தூங்கி ரொம்ப நாளாச்சு. நீங்க கூப்பிட மாட்டீங்க, அவன் வர மாட்டான். வேற என்னதான் பண்ணச் சொல்றீங்க?

— அக்கா, போதும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணியிருக்க.

— சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணினேன். வரவழைக்க மாட்டேன்னு பண்ணல. வாயைத் தொறந்து நீயே சொல்லு.

— என்னடா மாப்ளே? என்ன விஷயம்?

— எனக்கு வேலை போயி மூணு மாசமாச்சு, அத்தான்.