சத்தம் போடாத ஃபியட்

பதினாறு மணி நேரம் மின்வெட்டு இருந்த ஊரில் உட்கார்ந்து மின்சாரக் கார் செய்தவள் நான். என் புத்தியைப் பற்றி இதிலிருந்தே நீங்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம், இன்ஸ்பெக்டர் மேடம். நெய்வேலிக் கரண்ட் எங்கள் தலைக்கு மேலே கம்பியில் போய்க்கொண்டுதான் இருந்தது. கடலூர் முதுநகரில் இறங்கவில்லை, அவ்வளவுதான். வருகிற கொஞ்ச நேரத்தில் மாவரைப்பதா, பேட்டரிக்குச் சார்ஜ் போடுவதா என்று எனக்கும் அம்மாவுக்கும் தினமும் பஞ்சாயத்து. பெரும்பாலும் இட்லிதான் ஜெயிக்கும்.

"பயத்துல உளறாதம்மா, வீட்டுக்குப் போ" என்று நீங்கள் இரண்டு தடவை சொல்லிவிட்டீர்கள். எனக்குப் பயம் இல்லை. கூச்சம் உண்டு. சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய் மூன்று வருடம் பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன். அந்த மூன்று வருடத்தில் நான் வாய் திறந்தது வைவாவில் மட்டும். அப்போதும் எக்ஸாமினர் காதைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவள் உங்கள் முன்னால் இவ்வளவு பேசுகிறேன் என்றால் விஷயம் இருக்கிறது என்று நீங்கள் நினைக்க வேண்டும்.

வண்டி என் அப்பா கொளஞ்சியுடையது. எண்பத்திரண்டாம் வருடத்து ஃபியட். சிதம்பரம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் அதை வாடகைக்கு ஓட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார். சர்க்கரை அவர் கண்ணைக் கெடுத்தது. அதே சமயத்தில் வண்டியின் இன்ஜினும் இறுகிப்போனது. இரண்டும் வீட்டில் நின்றன. தானே புயலில் முருங்கை மரம் முறிந்து அந்த வண்டியின் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு பல வாரம் கரண்ட் இல்லை. அந்த இருட்டில்தான் எனக்கு மின்சாரக் கார் யோசனை வந்தது. சோறு இல்லாத நாளில் சமையல் குறிப்பு படிக்கிற மாதிரி.

செம்பியன் மாமா என் அத்தை மகன். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஃபிட்டர். அவருக்கும் எனக்கும் கல்யாணம் என்பது யாரும் பேசாமலேயே முடிவான விஷயம். நல்லவர், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். வேலை செய்யும்போது பாடுவார். எனக்கு வடை வாங்கி வருவார்.

செத்த இன்ஜினை இறக்கியது அவர். காயலான் கடையில் கிடந்த ஃபோர்க்லிஃப்ட் மோட்டாரைத் தூக்கி வந்தது, தகட்டை அறுத்து, ஓட்டை போட்டு, மோட்டாரைக் கியர்பாக்ஸோடு சேர்த்தது எல்லாம் அவர் கை. எந்த மோட்டார், எத்தனை லாரி பேட்டரி, ஒயர் எவ்வளவு தடிமன், ஓட்டை எந்த இடத்தில் என்பதெல்லாம் நான். நான் மெதுவாகச் சொல்வேன். அவர் சத்தமாகத் திருப்பிச் சொல்வார். கொஞ்ச நாளில், சத்தமாகச் சொன்னது யார் என்பது மட்டும்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அவருக்கும் அப்படித்தான். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

ஆடி மாதம் அப்பாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து, சிதம்பரம் வரை ஓட்டிக்கொண்டு போனோம். மாமா ஓட்டினார். நான் மீட்டரை மடியில் வைத்து வோல்ட் பார்த்துக்கொண்டே வந்தேன். ஸ்டேஷன் வாசலில் அப்பாவின் பழைய சிநேகிதர்கள், டிரைவர்கள், வண்டியைச் சுற்றி நின்றார்கள். பேனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, இன்ஜின் எங்கேடா என்று கேட்டார்கள். மாமா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"எல்லாம் இந்தக் கையால செஞ்சது, சித்தப்பா."

"பாப்பா என்னா பண்ணுச்சி?"

"அது டார்ச் புடிச்சிது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டார்ச் பிடித்ததும் உண்மைதான்.

அப்புறம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பேட்டரி ஸ்கூட்டர் செய்கிற கம்பெனி. நான் காபி கொடுத்துவிட்டு அடுப்படிக் கதவோரம் நின்றேன். அவர் கேட்டதற்கெல்லாம் மாமா சரியாகவே சொன்னார். பெட்ரோல் இன்ஜின் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் பலம் காட்டும், மின் மோட்டாருக்கு நின்ற இடத்திலேயே முழுப் பலமும் உண்டு என்றார். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம்தான். மேட்டில் ஏறும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் தடுமாறி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன். கம்பெனிக்காரருக்கு ஒரே சந்தோஷம்.

"பரவால்லயே தம்பி, வீட்டுப் பொண்ணுக்குக்கூட சொல்லிக் குடுத்திருக்கீங்களே."

மாமா மறுக்கவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டார்.

மாமாவுக்கு அந்தக் கம்பெனியிலேயே வேலை கிடைத்துவிட்டது. தை மாதம் கல்யாணம். வண்டியையும் கம்பெனி எடுத்துக்கொண்டு வாசலில் காட்சிக்கு வைக்கும். முன்னால் ஒரு பலகை, அதில் மாமாவின் பெயர். ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் படைத்துவிட்டு, பேப்பர்காரர் போட்டோ எடுத்ததும் லாரியில் ஏற்றுவது என்று முடிவு செய்தார்கள். அந்த வண்டி ஒன்றுதான் நான் பேசி யாரோ கேட்டதற்கு அடையாளம். அதுவும் பலகையோடு போகிறது. நான் அழவில்லை. எனக்கு அழுகை வந்தால் தும்மலும் சேர்ந்து வரும், பார்க்க நன்றாக இருக்காது.

பொறாமை என்று நீங்கள் எழுதக்கூடாது. நான் அதை ஒரு சோதனையாகத்தான் யோசித்தேன். ஒரு வண்டி ஓடுவதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன: அவர் கை, என் தலை. எது காரணம் என்று தெரிய வேண்டுமானால் ஒன்றை நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். லேபில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். என் தலையை நீக்குவது எனக்கு அசௌகரியம்.

வண்டிக்குப் படைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். வைத்துவிட்டு எழுந்த பிறகுதான் டிரைவர் இன்ஜினைக் கிளப்புவார். சத்தம் கேட்டதும் எல்லோரும் ஒதுங்குவார்கள். வண்டி ஆஃப்ல இருக்கா என்று இதுவரை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. காது கேட்டுக்கொள்ளும். எங்கள் வண்டியில் காதுக்கு வேலை இல்லை.

சத்தமில்லாத வண்டி ஆபத்து என்று எனக்கு முதலிலேயே தெரியும். அதனால்தான் சாவி போட்டதும் எரிகிற மாதிரி முன்பக்கம் ஒரு சிவப்பு பல்பு வைத்திருந்தேன். மாரியம்மன் கோயில் சீரியல் லைட்டா என்று மாமா கிண்டல் செய்வார். அதைக் கழற்றினேன். போட்டோவில் அசிங்கமாகத் தெரியும் என்று சொன்னேன், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதுதான் என் யோசனை ஒன்று என் பெயரிலேயே ஏற்கப்பட்ட முதல் தடவை. சாவியைத் திருப்பும்போது பேனட்டுக்குள் கரண்டைச் சேர்க்கிற ரிலே சுவிட்ச் ஒன்று டக்கென்று உட்காரும். அதன் அடியில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்தேன். பிறகு டக் இல்லை.

பூஜை அன்று வண்டிக்குச் சந்தனம், குங்குமம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று. அப்பா நாற்காலியில் இருந்தார். அம்மா தில்லையம்மாள் சூடத்தட்டோடு நின்றாள். பேப்பர்காரர் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். சக்கரம் கோணலாக நின்றதால் போட்டோவுக்கு நேராக இருக்க வேண்டும் என்று மாமா என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார்.

"உள்ள குந்திக்கினு ஸ்டியரிங்க நேரா புடி எழில். வேற ஒண்ணும் பண்ணாத."

சாவியைத் திருப்பினேன். ஃபர்ஸ்ட் கியர் போட்டேன். இந்த வண்டியில் கிளச்சை மிதித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கியரில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம், அணைந்த வண்டி மாதிரியே நிற்கும்.

பின்சக்கரம் இரண்டும், இடது முன்சக்கரமும் முடித்துவிட்டு என் பக்கம் வந்து குந்தினார். பழம் உருண்டு ஓடியது. எங்கள் வாசல் சரிவு. மறுபடி எடுத்து வைத்தார், மறுபடி ஓடியது. ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன். மூன்றாவது தடவை பழத்தை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்து, இன்னொரு கையால் ஒரு சின்னக் கல்லைத் தேடினார். சோதனைக்குப் பொறுமை வேண்டும். வலது கை தரையில் தட்டையாகப் படிந்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

நின்ற இடத்திலேயே முழுப் பலம். அவர் சொன்னது சரிதான்.

பேட்டரிகளோடு வண்டி நல்ல கனம். சக்கரம் கைமேல் ஏறி நின்றது. எல்லோரும் ஒரே குரலில் பின்னால எடு, பின்னால எடு என்றார்கள். பெரியவர்கள் சொல்லை நான் தட்டியதே இல்லை. ரிவர்ஸ் போட்டு, அதே வழியில், மெதுவாகப் பின்னால் எடுத்தேன். மெதுவாக எடுத்திருக்க வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அந்த வேலை இனி அவருக்கு இல்லை என்று கம்பெனிக்காரர் போனில் சொல்லிவிட்டார்.

எனக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். பாவம், பொண்ணு பயந்துட்டா என்று தெருவே வந்து எனக்குச் சோடா கொடுத்தது. அம்மா வேப்பிலை அடித்தாள். மாமா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி உங்களிடம் என்ன சொன்னார் என்று நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

"ஒயரிங்ல நாந்தான் எங்கியோ கோட்ட உட்டுட்டேன் மேடம். வண்டி தானா கெளம்பிடுச்சி. அவ மேல ஒரு தப்பும் இல்ல."

அன்றிரவு முழுக்க அவர் சொன்னதைத்தான் யோசித்தேன். அவருக்கு என்மேல் பிரியம் உண்டு என்பது தெரிந்தது. ஆனால் காதில் நின்றது அது இல்லை. நாந்தான் என்றாரே, அதுதான் நின்றது. காலையில் பேப்பர் வந்தது. மின்சாரக் கார் கண்டுபிடித்த இளைஞர் கையை இழந்தார், தயாரிப்பில் கோளாறு என்று போட்டிருந்தார்கள். கீழே கடைசி வரியில், உள்ளே இருந்த உறவுப்பெண் காயமின்றித் தப்பினார்.

அதைப் படித்துவிட்டுத்தான் வந்தேன். மனசாட்சி என்று நீங்கள் எழுத விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை.

வண்டி உங்கள் ஸ்டேஷன் வாசலில்தான் நிற்கிறது. யாரையாவது விட்டு பேனட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ரிலேக்கு அடியில் டியூப் துண்டு இருக்கும். பல்பு என் பையில் இருக்கிறது, இதோ. ஒயர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கட்டும், ஒரு தப்பும் இருக்காது. தானாகக் கிளம்புகிற வண்டியை நான் செய்யவில்லை. செம்பியன் மாமா கையை நான் தெரிந்தேதான் நசுக்கினேன். போட்ட கணக்கு சரியாக வந்தது.

இதையெல்லாம் நான் பேருக்காகச் சொல்லவில்லை, மேடம். எனக்கு அந்த ஆசை எப்போதும் கிடையாது. பேப்பர்காரர் வந்தால் மட்டும் சொல்லுங்கள், உறவுப்பெண் என்று போட வேண்டாம். கொ. எழிலரசி, பி.எஸ்சி. போட்டோ வேண்டுமென்றால் வண்டி பக்கத்தில் நிற்கிறேன், பல்பை மாட்டிவிட்டு.