மச்சான் கொண்டுவர்ற ரோஜா

இல்லண்ணே, அந்தக் கதைய நான் நம்பல. காலையில உங்க கட்டில் ஓரத்துல உக்காந்து, தானும் கண்ணு கலங்கி உங்களயும் கலங்க வெச்சுட்டுப் போனானே எவாரிஸ்தோ, அதே கதைதான். வருஷக்கணக்கா கேக்கறேன். வருஷக்கணக்கா நம்பாமத்தான் இருக்கேன். ஐயோ, நீங்க தலைய ஆட்டாதீங்க, தையல் இழுக்கும். தொண்டை ஆறுற வரைக்கும் சத்தமே வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல? கண்ணச் சிமிட்டுங்க, போதும். நான் சரித்திர வாத்தியாரு. பதில் சொல்லாதவங்க முன்னாடி பேசிப் பேசியே பென்ஷன் வாங்கப்போற ஆளு.

அவன் கொண்டாந்து வெச்ச ரோஜா வாசன உங்களுக்குத் தலவலி பண்ணுதா? பண்ணுதுன்னா சொல்லுங்க, ஜன்னல்ல வெச்சிரலாம். வார்டுக்குள்ள பூவே கூடாதுன்னு அந்த நர்ஸ் மிர்தா முதல் நாள் பேயாட்டம் ஆடினா. மறுநாள் அவளுக்கும் ஒண்ணு நீட்டினான். அதோட சட்டம் முடிஞ்சுது. இப்ப அவளே சோடா பாட்டில்ல தண்ணி மாத்தி வெக்கறா. நம்ம நாட்டுல சட்டத்த மாத்தறது எவ்வளவு சுலபம் பாத்தீங்களா? ஒரு காம்பு ரோஜா.

என் தங்கச்சி புருஷன் அவன். அதுக்கும் முன்னாடி பள்ளிக்கூடத்துல எனக்கு ஒரே பெஞ்சு. நீங்க பக்கத்து ஊரு பரதேரோக்காரரு, உங்களுக்கு எங்க ஊரு சான் பெத்ரோ சங்கதி தெரிஞ்சிருக்கும். ஒண்ணு பீச் தோட்டம், இல்ல ரோஜா நாத்துப் பண்ணை. இவன் ரோஜாப் பண்ணை. வெயில் காலம் பூரா குனிஞ்சு காட்டு ரோஜாத் தண்டக் கீறி, நல்ல ஜாதி மொட்ட உள்ள செருகிக் கட்டுவான். நிமிந்தா இடுப்பு வலிக்குதும்பான். ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா கையில கொத்தோட வீட்டுக்கு வருவான், என்னமோ கல்யாண மாப்பிள்ள மாதிரி.

அந்தக் கதை நடந்தது எந்த வருஷம்னு சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான். அது அவனுக்கு முக்கியமில்ல. நாடே தலகீழா நின்ன வருஷம்ணே. ரெண்டு வாரத்துல அஞ்சு ஜனாதிபதி பாத்தோமே, அந்த டிசம்பர் வெயில் காலம். பாங்குக்காரன் நம்ம பணத்த உள்ள வெச்சு ஷட்டர எறக்கிட்டான், சனம் பாத்திரத்தத் தட்டிக்கிட்டுத் தெருவுக்கு வந்துச்சு. நானும் போனேன். பால் காய்ச்சற பாத்திரத்த எடுத்துக்கிட்டுப் போயி, தட்டின தட்டுல அடி வளஞ்சுபோச்சு, இன்னிக்கும் அடுப்புல நேரா நிக்காது. புரட்சியில எனக்குக் கெடச்ச மிச்சம் அதுதான்.

அதே மாசம்தான் நில்டாவுக்கு வந்துச்சு. என் தங்கச்சி. டாக்டர் என்னையும் எவாரிஸ்தோவயும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னாரு. உங்க ஊர்லயும் இதே வழக்கம்தான? நோயாளிக்குச் சொல்ல மாட்டோம். வீட்டாளுங்களுக்கு மட்டும்தான். அந்த நோயோட பேரக்கூட வாயில எடுக்க மாட்டோம், அதுன்னு சொல்லி நிறுத்திக்குவோம். சரி, அவகிட்ட என்ன சொல்றது? பித்தப்பையில கல்லுன்னு முடிவு பண்ணோம். கல்லு தானாக் கரஞ்சிரும், வெயில் காலம் முடிஞ்சதும் எந்திரிச்சிருவன்னு. அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ரொட்டிக் கடைக்காரனுக்குத் தெரியும், மருந்துக் கடைக்குத் தெரியும், தபாலாபீசுக்குத் தெரியும். தெருவே அவளப் பாத்துக் கல்லப் பத்திப் பேசுது. பாதிரியாரு தூண்டில் கம்போட வந்து நின்னாரு. ஆத்துக்கு மீன் புடிக்கப் போறேன், சும்மா எட்டிப் பாத்தேன் நில்டாங்கறாரு. அந்த மனுஷன் பொறந்ததுலேந்து ஒரு மீன் புடிச்சதில்ல. அந்தக் கம்புல நூலே இல்லண்ணே!

சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க. தையல்.

இதுல நம்ம ஆளு என்ன பண்ணான்? இன்பம் அனுபவிக்க ஆரம்பிச்சிட்டான். ஆமா. அதத்தான் பண்ணான். திராட்சப் பந்தலுக்குக் கீழ ஒரு தகரத் தொட்டியப் போட்டு, மீன் கடையிலேந்து ஐஸ் வாங்கிக் கொட்டி, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் காலத் தொங்கப் போட்டு உக்காந்துக்குவாங்க. பீச் பழத்த வெட்டி ஒயின்ல போட்டுக் கரண்டியால தின்னுவாங்க. ரேடியோல செய்தி வந்தாத் திருப்பிருவான், பாட்டு மட்டும்தான். தர்ப்பூசணிக் கொட்டையத் துப்பி யாரோடது சுவரத் தொடுதுன்னு பந்தயம் வேற. பக்கத்து வீட்டுப் பூனை ரெண்டு பேரு வாய்க்கும் பயந்து ஊர விட்டே போயிருச்சு.

ஒரு நாள் நாங்க எல்லாம் சதுக்கத்தப் பாத்துப் போறோம், பாத்திரச் சத்தம் காதக் கிழிக்குது. எதிர்ல இவன் வர்றான், கை நெறய ரோஜா. கூட்டத்த விலக்கிக்கிட்டு, வழி விடுங்கடா, பூ வாடிரும்ங்கறான். எனக்கு வந்துச்சே கோவம். அன்னிக்குத் திரும்பி வரும்போது பாத்திரமும் கையுமா நேரா அவன் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். ஏண்டா, நாடு எரியுது, நீ காலத் தண்ணியில ஊற வெச்சுக்கிட்டு இருக்கியே, மனுஷனா நீன்னேன். அவன் நிதானமா ஏறெடுத்துப் பாத்தான். வாத்தியாரே, நீ காலத் தண்ணியில வெக்காம இருந்ததால எவ்வளவு தூரம் அணஞ்சிருக்குன்னு கேட்டான். நில்டா விழுந்து விழுந்து சிரிக்கிறா. அண்ணே, உன் காலு தெருவெல்லாம் நடந்து நாறுது, முதல்ல கழுவு, அப்புறம் உள்ள வெயிங்கறா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நான் வெக்கல. வெச்சா நாடு என்ன ஆகறதுன்னு நின்னுக்கிட்டே இருந்தேன்.

அவன் உங்ககிட்ட சொன்ன கதையோட முடிவு என்ன? வெயில் காலம் முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறக்கற வாரம், பந்தலுக்குக் கீழ சாஞ்சு உக்காந்துக்கிட்டு, அடுத்த வருஷம் சுவரோரமா மஞ்ச ரோஜா வெக்கலாம்னு சொன்னா. சொல்லிட்டுக் கண்ண மூடினா. கடைசி வரைக்கும் அவளுக்கு ஒண்ணுமே தெரியாது, சந்தோஷமாப் போயிட்டா. இதான? ஞாயித்துக்கெழம கறி சுடும்போதெல்லாம் இதச் சொல்லுவான். கேக்கறவங்க எல்லாம் உங்கள மாதிரியே கண்ணத் தொடச்சுக்குவாங்க. நான் மட்டும் நெருப்பக் கிளறிக்கிட்டு நிப்பேன்.

ஏன் நம்பலன்னு கேக்கறீங்களா? நில்டாவ உங்களுக்குத் தெரியாதுண்ணே. கண்ணப் பாத்தே மீனு நேத்துதா முந்தாநேத்துதான்னு சொல்லி மீன்காரன அழ வெப்பா. என் பொண்டாட்டி என்ன விட்டுப் போகப்போறான்னு எனக்கு முன்னாடி அவளுக்குத் தெரியும். என் பொண்டாட்டிக்கே முன்னாடி தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கறேன். அப்பேர்ப்பட்டவ நூலில்லாத தூண்டிலப் பாத்து, போயி நல்லா மீன் புடிங்க சாமின்னு அனுப்பி வெச்சான்னா என்ன அர்த்தம்?

இன்னொண்ணு கேளுங்க. இத அவனே சிரிப்புக் கதையாச் சொல்லுவான், அதான் கூத்து. ஜனவரி மாசம், தாரு உருகற வெயிலு, திடீர்னு நில்டா பயறுக் கொழம்பு வேணும்னா. நம்ம வீட்டுல அது எப்ப வெப்போம்? ஜூலையில, பல்லு கிட்டிப் போற குளிருல. பயறு, தொத்திறைச்சி, பன்னிக் கொழுப்பு எல்லாம் போட்டுக் கொதிக்க விடறது. ஜனவரியில எவனாவது திம்பானா? எனக்கு ஆச வந்துருச்சுங்கறா. அடுப்படியில நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு, இவன அடுப்பு முன்னாடி நிக்க வெச்சா. வெங்காயத்த அப்படி வெட்டாத. உப்ப இப்பப் போடாத, கடைசியில போடு. மூடி வெயி, எட்டி எட்டிப் பாக்காத. மனுஷன் வேர்த்து ஊத்தி மயக்கம் போடற நெலமை. ஆனதும் ரெண்டு கரண்டி சாப்பிட்டா. மறு வாரம் திரும்பவும் கேட்டா. இவனுக்கு ஒரே சந்தோஷம். பாத்தியா மச்சான், பசிக்குது, தேறிட்டா, சாகப்போறவளுக்குப் பயறுக் கொழம்பு கேக்குமான்னு எங்கிட்ட வந்து சொல்றான். அப்புறம் சட்டைக்கு எப்படி இஸ்திரி போடறதுன்னு சொல்லிக் குடுத்தா. பொழுது போகல பாவம், அவளுக்கு ஏதாவது வேல வேணும்லன்னான்.

நீங்க ஏன் கண்ண மூடிக்கிட்டீங்க? உங்களுக்குப் புரிஞ்சிருச்சு. எனக்கும் அன்னிக்கே புரிஞ்சிருச்சு. இன்னிக்கும் குளிர்காலம் பூரா அவன் அதத்தான் வெச்சுச் சாப்பிடறான். எனக்கும் ஒரு தூக்குல கொண்டாந்து தருவான். நல்லாவே வெக்கறாண்ணே, அதுதான் கொடும.

அவனுக்குப் புரியவே இல்லயா, இல்ல புரிஞ்சும் அந்தக் கதையச் சொல்றானா? இங்கதான் நான் மாட்டிக்கறேன். அவளுக்குத் தெரியாதுன்னா, ஊரே சேந்து ஒரு பொம்பளைய ஏமாத்தி வழியனுப்பி வெச்சிருக்கோம். அவளுக்குத் தெரியும்னா, எல்லாத்தயும் மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு, எங்க மூஞ்சி வாடக் கூடாதுன்னு அவ தனியா நடிச்சிருக்கா. காலத் தொட்டியில வெச்சது, கொட்டையத் துப்பினது, ரோஜாவ மூக்குக்கிட்ட வெச்சு ஆஹான்னது எல்லாம் இந்த மடையனுக்காக. ஒரு நாள் கூட வாய்விட்டு அழறதுக்கு அவளுக்கு ஒரு ஆளு இல்ல. அத நெனச்சாத் தூக்கம் வராது. சரி, நடிப்புன்னே வெச்சுக்குவோம். அந்தச் சிரிப்பு? நானும் எத்தனயோ தடவ யோசிச்சுப் பாத்துட்டேன், அந்தச் சிரிப்ப எவளாலயும் நடிக்க முடியாது. அந்த வெயில் காலத்துல நாட்டப் பத்தி நான் சொன்னது ஒண்ணு விடாம நடந்துச்சுண்ணே. ஆனா அந்த வருஷத்துப் பீச் பழம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்ப என் கதைக்கு வர்றேன். எனக்கு ஒண்ணுமில்ல. வயித்துல புண்ணு, வெட்டி எடுத்தாச்சு. அவ்வளவுதான் எங்கிட்ட சொல்லியிருக்காங்க. எனக்குத்தான் பொண்டாட்டி புள்ள யாரும் இல்லயே, வீட்டாளுன்னா இவன்தான். தெனமும் வர்றான். என் கட்டிலுக்குக் கீழ பாருங்க, பிளாஸ்டிக் பேசினு. ஐஸ் கொண்டாந்து என் கால அதுக்குள்ள வெக்கறான். டீ பிளாஸ்க்ல டீயா இருக்குன்னு நெனச்சீங்க? பீச்சும் ஒயினும். டாக்டர் பாத்தா அவனயும் சேத்து அட்மிட் பண்ணிருவாரு. ஆரம்பத்துல கிண்டல் பண்ணேன். என்னடா மச்சான், என்னைக் கட்டிக்கப் போறியா, பூவும் ஒயினுமாத் திரியறன்னேன். உன் மூஞ்சிக்கு இதுவே அதிகம்னான்.

போன வாரம் அந்தக் கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தேன். வராந்தாவுல டாக்டர் அவன் தோள்ல கை வெச்சு ஏதோ பேசிக்கிட்டிருக்காரு. இவன் தரையப் பாத்துத் தலைய ஆட்டறான். உள்ள வந்து, வாத்தியாரே, பரிச்சையில பாஸு, ரிசல்ட் எல்லாம் சுத்தம்னான். அன்னிக்குச் சீட்டாட்டம் போட்டோம். நீங்களும் த்ரூக்கோ ஆடுவீங்கதான? அதுல சீட்டா முக்கியம், பொய்தான முக்கியம். எங்க ஊர்ல அவன ஜெயிச்சவன் கெடயாது. காச்சல்ல கெடக்கற குழந்தைகிட்ட கூட விட்டுக் குடுக்க மாட்டான். எங்கிட்ட இருந்தது வெறும் குப்பச் சீட்டு. சும்மா சத்தமா சவால் விட்டேன். மச்சான், உன்கிட்ட பெருசு இருக்கு, நான் விட்டுர்றேன்னு சீட்டக் கவுத்துப் போட்டுட்டு டாய்லெட் பக்கம் போனான். நான் திருப்பிப் பாத்தேன். கத்தி ஆஸு. அதுக்கு மேல சீட்டே கெடயாதுன்னு உங்களுக்குத் தெரியும். அத வெச்சுக்கிட்டு எவனாவது தோப்பானாண்ணே?

இன்னிக்குக் காலையில உங்களக் கட்டு மாத்தத் தள்ளிக்கிட்டுப் போனாங்கல்ல, அப்பதான் கேட்டேன். உங்ககிட்ட கதையச் சொல்லி முடிச்ச ஈரம் இன்னும் அவன் கண்ணுல இருக்கு. நில்டாவப் பத்திக் கேக்கணும்னுதான் வாயத் தொறந்தேன். அவளுக்குத் தெரியும்னு உனக்குத் தெரியுமாடான்னு. இத்தன வருஷமா நாக்கு நுனியில வெச்சிருந்தது அதுதான். ஆனா வாயில வந்தது வேற.

அவன் பூவ எடுத்து மடியில வெச்சுக்கிட்டு முள்ளக் கிள்ள ஆரம்பிச்சான். அதுல முள்ளு ஏது, வீட்டுலயே எல்லாத்தயும் கிள்ளிட்டுத்தான் கொண்டுவருவான். இருந்தாலும் கிள்ளிக்கிட்டே இருந்தான். அப்புறம் ஐஸ் கரஞ்சிருச்சு மச்சான், வாங்கிட்டு வந்துர்றேன்னு எந்திரிச்சுப் போனான். மத்தியானம் ஆயிருச்சு, மிர்தா ஜன்னல் பலகையெல்லாம் எறக்கிட்டா, ஊரே தூங்குது. ஐஸ் வாங்கப் போனவன் இன்னும் வரல.

என்ன கேட்டேனா? பெருசா ஒண்ணும் இல்லண்ணே. அவ கதைய விடு மச்சான், அடுத்த வெயிலுக்கு நான் இருப்பேனாடான்னு கேட்டேன்.