பெத்தவளுக்கு வெச்ச சோதினை

…சோதினை ராத்தா, சோதினை! பெத்த தாய்க்கு மகள் சோதினை வெக்கிறாள். நான் அஞ்சாம் வகுப்போட விட்ட சோதினைய ஐம்பத்தெட்டு வயசில திருப்பி எழுதச் சொல்லுறாள். அதுவும் எங்க? உங்கட தையல் கடையில, உங்களுக்கு முன்னால! பதினொரு மணிக்கு வாறாளாம். கலியாணக் கவுணைப் போட்டுக்கொண்டு வந்து எனக்கு முன்னால நிப்பாளாம். நான் அவளப் பாத்து நல்லதா ஒரு வசனம் சொல்லோணுமாம். ஒண்டே ஒண்டு. பகிடி விடக்கூடாதாம், ‘ஆனா’ எண்டு இழுக்கக்கூடாதாம். சொல்லிட்டா நான் பாஸ். சொல்லாட்டி, சனிக்கிழமை கோயிலுக்கு வெளிக்கிடக்குள்ள அவள்ட நெத்தியில சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறது நான் இல்லையாம். ஞானத்தாய் கொன்சியாம்!

நீங்க உங்கட வேலையப் பாருங்க, ராத்தா. குண்டூசியெல்லாம் வாயில வெச்சிருக்கிறீங்க, மறுமொழி சொல்ல வேணாம். கையத் தூக்கோணுமா? இந்தா தூக்கிட்டன். சட்டை கமுக்கட்டில இறுக்குது, பாத்தீங்களா? கொஞ்சம் விட்டுக் குடுங்க. அண்டைக்கு அழக்குள்ள கிழிஞ்சிரும்.

கொன்சி! ஞானஸ்நானத்தண்டைக்குப் பிள்ளையத் தூக்கிக்கொண்டு கால்மணித்தியாலம் நிண்டவள். பிறகு நத்தார் பெருநாளுக்கு ஒரு கேக் துண்டு, அதுவும் ஓரத்துத் துண்டு. அவளுக்குத் தேன் வழியுற வாய். தெருநாயப் பாத்தாலும் ‘என்ர தங்கம்’ எண்டுவாள். எங்கட ஆக்கள்ட வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. கலியாணப் பொம்பிளை தலகாணியில முழங்கால்ல நிப்பாள், தாய் வந்து நெத்தியில சிலுவை போட்டு ரெண்டு வார்த்தை சொல்லுவா, அதுக்குப் பிறகுதான் கார்ல ஏறுறது. வீடு நிறையச் சனம் நிக்கும், வீடியோக்காரன் நிப்பான். அதுக்குள்ள நான் அலுமாரிக்குப் பக்கத்தில ஒதுங்கி நிண்டு கொன்சி சிலுவை போடுறதப் பாக்கிறதா? தாய் பெனடிற்றா உசிரோடதானே இருக்கிறா, என்ன நடந்ததெண்டு சனம் கேக்காதா? முந்தல் ஊர் முழுக்கச் சிரிக்கும்!

எல்லாம் அந்தப் பிரதரால வந்த வினை. போன தவக்காலத்தில கொழும்பில இருந்து கிற்றாரோட ஒருத்தர் வந்தார், மூண்டு நாள் தியானம் குடுக்க. வயசு முப்பது இருக்காது. கலியாணமுமில்ல, பிள்ளையுமில்ல, பிள்ளை வளக்கிறது எப்பிடியெண்டு எங்களுக்குப் படிப்பிக்கிறார்! மத்தவங்க சொல்லுறதக் கேட்டுக் கேட்டு, அதையே நாங்க உள்ளுக்குள்ள திருப்பித் திருப்பிச் சொல்லுறமாம். பிறகு அதுதான் நாங்க எண்டு நம்பிருறமாம். நடை, குனிவு, பார்வை எல்லாம் அதுபோல வந்திருமாம். ஆனா நாங்க கடவுள்ட சாயலாம். நான் சும்மா இருப்பனா? பிரதர், கடவுளுக்கு எங்கட வீட்டு மனிசன்ர மூக்கா எண்டு கேட்டன். கோயில் மண்டபமே சிரிச்சுது. பிரதரும் சிரிச்சார். என்ர மகள் மட்டும் சிரிக்கல்ல. இவளுக்கும் அதே மூக்குத்தான், அத நான் யோசிக்கல்ல.

மனிசன் எண்டதும் ஞாபகம் வருது. இந்தப் பிரச்சினைய அந்த மனிசனிட்டச் சொன்னன், ராத்தா. இறால் பண்ணையில காவலுக்கு நிக்கிற வோச்சர் வேலை பாத்துப் பாத்து, இறால் கதைக்கிற அளவுதான் அந்த மனிசனும் கதைக்கும். வருஷத்துக்கு நாலு வசனம். இந்த வருஷத்துக்குரிய ஒரு வசனத்த எடுத்துச் செலவழிச்சார்: ‘நீ ஒருக்காச் சொல்லிட்டுப் போவன்.’ அவ்வளவுதான். பாண் துண்டையும் தேத்தண்ணியையும் எடுத்துக்கொண்டு போயிட்டார்!

அங்… தியானம். ரெண்டாம் நாள் எல்லாருக்கும் ஒவ்வொரு கொப்பி குடுத்தார். இடது பக்கத்தில உன்னைப் பத்தி மனிசர் சொன்னத எழுது, சொன்ன ஆள்ட பேரையும் எழுது. வலது பக்கத்தில கடவுள் உன்னைப் பத்தி என்ன நினைக்கிறார் எண்டு எழுது. ஒவ்வொரு நாளும் வலது பக்கத்தச் சத்தமா வாசி. எனக்கும் ஒண்டு தந்தார். நான் அதில கலியாணத்துக்கு இறைச்சி எவ்வளவு, வெங்காயம் எவ்வளவு எண்டு எழுதி வெச்சிருக்கிறன். கொப்பியை வீணாக்கலாமா? என்ர மகள் ஜெனிற்றா அப்பிடியில்ல. விடிஞ்சா எழும்பி யன்னலடியில நிண்டு, ‘நான் நேசிக்கப்பட்டவள், நான் அருமையானவள்.’ நான் குசினிக்குள்ள இருந்து, ‘அருமையானவளே, தேங்காயத் துருவு’ எண்டன். அண்டையில இருந்து கதவச் சாத்திட்டு வாசிக்கிறாள்.

என்ன, திரும்பி நிக்கோணுமா? சரி, திரும்பிட்டன். முதுகு வெட்டு ஆழமா வேணாம், ராத்தா. என்ர முதுகப் பாக்க யார் வரப்போறா?

போன கிழமை அழைப்புக் குடுக்க வேண்டிய ஆக்கள்ட பேர் எழுதின கொப்பியைத் தேடினன். மேசையில இவள்ட கொப்பி கிடந்தது. திறந்தா இடது பக்கம் நிறையப் பேர். ஆ, இதுதான் எண்டு வாசிக்கத் தொடங்கினன். சத்தியமா நான் களவா வாசிக்கல்ல, முதல் மூண்டு வரியும் தெரியாமத்தான் வாசிச்சன். மிச்சம் நாலு பக்கத்தத் தெரிஞ்சு வாசிச்சன். கரிச்சட்டி, அம்மா. பனங்கொட்டை மண்டை, அம்மா. இவளுக்குச் சிவப்பு உடுப்புப் போட்டா அடுப்பெரியுற மாதிரி இருக்கும், அம்மா. இதக் கட்டுறவன் கண்ணாசுபத்திரிக்குப் போகோணும், அம்மா. அம்மா, அம்மா, அம்மா எண்டு கீழ வரைக்கும் போகுது, ராத்தா! ஒரே ஒரு இடத்தில கணக்கு ரீச்சர்ட பேர் இருந்தது. அப்பாடா எண்டு பாத்தா, ‘மண்டையில ஒண்டும் ஏறாது’ எண்டதாம். அதுவும் நான்தான் ரீச்சருக்குச் சொல்லிக்குடுத்தது.

தேதி வேற போட்டிருக்கிறாள். ஏழு வயசு, பூசைச் சட்டை போட்டண்டைக்கு எண்டு. எனக்கு ஞாபகமே இல்ல. நான் சொன்னத நான் மறந்திட்டன், இவள் ஒண்டையும் விடாமத் தூக்கி வெச்சிருக்கிறாள். அதுக்கு நானா பொறுப்பு? வாயால சொல்லுறது காத்தோட போயிரும் எண்டுதானே சனம் கதைக்குது!

எனக்கு மட்டும் யார் நல்லது சொன்னது? அறிஞ்ச நாள்ல இருந்து நானும் பூசையில நெஞ்சில அடிச்சு அடிச்சு, பாவி, பாவி, தகுதியில்லாதவள் எண்டு சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன். அந்த நேரம் எந்தப் பிரதரும் வந்து, பெனடிற்றா, உன்ர சாயல் உடையப்போகுது, இந்தா கொப்பி எண்டு தரல்லயே! மூண்டாம் நாள் தாய்மாரை ஒவ்வொருத்தரா எழும்பச் சொன்னார். ‘நான் விலைமதிப்பில்லாதவள்’ எண்டு சொல்லோணுமாம். என்ர முறை வந்துது. எழும்பினன். வாயத் திறந்தன். ‘நான் ஒண்டுக்கும் உதவாத மனிசி, பிரதர், தின்ன பற்றிஸ் எப்ப தருவீங்க?’ எண்டுதான் வந்துது. திரும்பவும் எல்லாரும் சிரிச்சாங்க. நான் சொல்லோணும் எண்டு சொல்லல்ல, ராத்தா. அது தானா வருது. விக்கல் வாற மாதிரி.

மாம்புரி ஊரில இருந்து பொம்பிளை பாக்க வந்தண்டைக்கும் இதுதான். மாப்பிள்ளை றொபி நல்ல பொடியன். கடலுக்கும் போவான், மிளகாய்த் தோட்டமும் இருக்கு. தாய் மனிசி கதிரையில இருந்த உடன, ‘பிள்ளை நல்ல வடிவு’ எண்டுட்டா. நான் உடன சொல்லிட்டன், ‘ஐயோ, கிட்ட வந்து பல்லப் பாருங்க, அமாவாசையில பிறந்தது’ எண்டு. ஜெனிற்றா தேத்தண்ணித் தட்டோட நிண்டாள். அந்த மனிசி முகத்தைத் தொங்கப் போட்டுட்டா. போய் மூண்டு கிழமையா ஒரு கதையுமில்ல. பிறகு றொபி தனிய வந்தான். ‘மாமி, எனக்குக் கண் நல்லாத் தெரியும், கண்ணாசுபத்திரிக்குப் போகத் தேவையில்ல’ எண்டான். அவனுக்கும் சொல்லியிருக்கிறாள் பாருங்க!

உங்கட ஆக்களுக்கு இது லேசு, ராத்தா. அண்டைக்கு உங்கட மகன் றிப்தியிட பிள்ளை இந்த வாசல்ல விளையாடக்குள்ள ஒரு பொம்பிளை வந்து, ‘மாஷா அல்லாஹ், என்ன வடிவு’ எண்டா. முன்னுக்கு அந்தச் சொல்லப் போட்டுட்டு என்ன வேணுமெண்டாலும் புகழலாம், கண்ணூறு நாவூறு படாது. பிள்ளையும் சுகமா ஓடித் திரியுது. எங்களுக்கு அப்பிடி என்ன இருக்கு? உப்பு மிளகாய் சுத்தி அடுப்பில போட்டன், கால்ல கறுப்புப் பொட்டு வெச்சன். பாவசங்கீர்த்தனத்தில சுவாமியிட்டச் சொன்னா, மூடநம்பிக்கை எண்டு ஏசி நூறு அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். அதுக்குப் பிறகு எனக்கு இருந்தது என்ர வாய் மட்டும்தான். பிள்ளையில ஒரு வடிவுமில்ல, ஒண்டுமில்ல, இங்க பாக்காத, போ எண்டு விரட்டுறதுக்கு.

யாரை விரட்டுறதா? அதத்தான் கேக்கிறீங்களா?

மெறின் எண்டு ஒருத்தி இருந்தாள், ராத்தா. மூத்தவள். இவளுக்கு மூண்டு வருஷம் முந்தி. பதினொரு மாசம். கோயில் திருநாளுக்கு வெள்ளைக் கவுண் போட்டுத் தூக்கிக்கொண்டு போனன். தேர்ல சுருபம் சுத்தி வருது, சனமெல்லாம் சுருபத்த விட்டுட்டு இவளைத்தான் பாக்குது. எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. வாய் நிறையச் சொன்னன், எல்லாருக்கும் கேக்க: ‘என்ர பிள்ளை வானத்துச் சம்மனசு மாதிரி இல்லையா?’ அதுக்கு மூண்டாம் நாள் காய்ச்சல். நாலாம் நாள் விடிய, என்ர மடியில… கார் பிடிக்கக்கூட நேரமிருக்கல்ல. வேற யாரும் சொல்லல்ல. நான்தான் சொன்னன். நான்தான்.

அதுக்குப் பிறகு இவள் பிறந்தாள். மருத்துவிச்சி, ‘வடிவான பிள்ளை’ எண்டா. நான் காத்தப் பாத்து, ‘கறுவல், கரிச்சட்டி’ எண்டு கத்தினன். பிள்ளை தங்கிச்சு. காய்ச்சல் வந்துது, போச்சு. மழை வெள்ளம் வந்துது, தங்கிச்சு. இருபத்தாறு வயசு வரைக்கும் என்ர வாய்தான் இவளக் காப்பாத்தினது எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன், ராத்தா! அந்தப் பிரதர், சொல்லுக்குப் பலமிருக்கெண்டு மூண்டு நாள் தொண்டை கிழியக் கத்தினார். நான் அவரை வெச்சுப் பகிடி பண்ணினன். அந்த மண்டபத்தில அத நம்பினவள் நான் ஒருத்திதான். அவரவிடக் கூட நம்பினவள்.

இல்ல, அவளுக்கு இது தெரியாது. அக்கா ஒருத்தி இருந்தாள் எண்டு தெரியும், படம் இருக்கு. நான் சொன்னது தெரியாது. என்னெண்டு சொல்லுறது? உன்ர அக்காவை நான் வாயாலதான்… விடுங்க. ஊசிய வாயில இருந்து எடுத்துட்டீங்க, எனக்குப் புத்தி சொல்லப் போறீங்க. வேணாம்.

அந்தா வந்துட்டாள். மணி பதினொண்டா? பாத்தீங்களா, ஒரு நிமிசம் பிந்தல்ல! வா மகள், வா. போ, திரைக்கு அங்கால போய் உடுத்திட்டு வா. ராத்தா, நீங்க போய் அவளுக்கு முதுகுக் கொக்கியப் போட்டு விடுங்க. நான் இஞ்ச நிண்டு சொல்லிப் பாக்கிறன். ‘நீ வடிவா இருக்கிறாய், மகள்.’ நாலு சொல்லு. நாலே நாலு. முழு மந்திரமாலையும் மனப்பாடமாச் சொல்லுறன், இந்த நாலு சொல்லுக்கு என்ன கேடு…

ஆ.

…

ம். நீளம் சரி.

இல்ல, இது வசனமில்ல, இது சும்மா. பொறு. என்னை அப்பிடிப் பாக்காத, பாத்தா வராது. ராத்தா, கவுண் நல்லாத் தச்சிருக்கிறீங்க. லேஸ் அந்த மாதிரி! ஓம், கவுணைத்தான் சொன்னன். தெரியும் மகள், கவுணைச் சொல்லுறது கணக்கில்ல. பொறு எண்டன்தானே. நீ… ஜெனிற்றா, நீ இண்டைக்கு… வெள்ளையில உன்னைப் பாக்கக்குள்ள… பாலில ஈ விழுந்த மாதிரி…

ஐயோ! ஐயோ, இல்ல! அது நான் இல்ல, அது என்ர வாய்! ராத்தா, நீங்களே சொல்லுங்க, நான் அதச் சொல்ல வரல்ல. மகள், வெள்ளைக் கவுணைக் கண்ட உடன பயந்திட்டன். அழாத, கவுண் நனையும். அழாத எண்டுறன்! யாருக்குப் போன் எடுக்கிறாய்? கொன்சிக்கா? வை அத. நான் சொல்லுறதக் கேட்டுட்டு எடு. உன்ர அக்காவுக்கு நான் சொன்னன். இதே வெள்ளையில, திருநாளண்டைக்கு, எல்லாருக்கும் முன்னால, அவள் வடிவு எண்டு வாய் நிறையச் சொன்னன். நாலு நாள்ல போயிட்டாள். உன்னையும் தூக்கிக் குடுக்க எனக்கு ஏலாது, மகள். நீ வடிவு எண்டு எனக்குப் பிறந்தண்டைக்கே தெரியும்! தெரிஞ்சபடியாத்தான் அவ்வளவு ஏசினன்! கேக்குதா? போனில யார், கொன்சியா? இஞ்ச தா.

கொன்சி, நீ போனை வை. நான் என்ர பிள்ளையோட இன்னும் கதைச்சு முடிக்கல்ல.