ஓவே யாருடைய சொத்து?

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் அரசர் பெருமானே! அருகே வீற்றிருக்கும் அருள்மிகு ஆயர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த குடித்தலைவர்களே! கிழங்குக் கூடையை இறக்கிவைத்த கையோடு ஓடிவந்திருக்கும் என் சந்தைத் தாய்மார்களே! இலோடோ ஊரின் இளைய சிங்கங்களே! இந்த அறுவடைத் திருநாளில் சந்தைத் தலைவி அய்னாவின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியதாகுக.

நம் முன்னோர் சொல்லும் திருமறைச் சொல்லும் ஒன்றே என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முன் பேசிய இரு பெரியவர்களும் ஒப்பிட்டு ஒப்பிட்டு உங்களில் பாதிப்பேரை உறங்க வைத்துவிட்டார்கள். சிரிக்காதீர்கள், நீங்கள் குறட்டை விட்டது எனக்கும் கேட்டது. நான் ஒப்பிடப் போவதில்லை. நம் அரண்மனை முற்றத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

நம் சந்தையில் அகரா வடை சுடும் இபிதுனை அறியாதவர் யார்? அவள் கணவன் இறந்து ஆண்டு திரும்பவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள். அவர்களுக்கென்று தகப்பன் விட்டுப்போனது ஒரு கோகோத் தோட்டம். அதன் எல்லையில் பெரெகுன் செடி நின்றது. பெரெகுன் நின்றால் அது எல்லை. அதற்கு மேல் பத்திரம் எதற்கு? ஆனால் ஒரு காலை அவள் போய்ப் பார்க்கிறாள், செடி தோட்டத்தின் நடுவில் நிற்கிறது. செடிக்குக் கால் முளைத்ததா? இல்லை, கணவனின் அண்ணன் சாமுவேல் அடெகோயாவுக்குக் கை நீண்டிருந்தது. அவர் யார்? ஆலயத்தின் மூப்பர். ஞாயிறுதோறும் திருமறை வாசிப்பவர்.

வழக்கு முற்றத்துக்கு வந்தது. ஒருபுறம் நம் பழைய வழிபாட்டை விடாத குடித்தலைவர் ஓகுன்ஜிமி. மறுபுறம் போதகர். நடுவில் இபிதுன் மண்டியிட்டிருந்தாள். செடி எப்போதும் அங்கேதான் நின்றது என்று சாமுவேல் சாதித்தார். உனக்கு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று அவளைக் கேட்டார்கள்.

மூத்தவர் முன் இளையவர் ஓவே சொல்வதென்றால், அதாவது பழமொழி சொல்வதென்றால், முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த முறை இது. இபிதுனும் கேட்டாள்.

"பெரியவங்க முன்னாடி ஓவே சொல்றேன், பொறுத்துக்கணும்."

நீண்டநாள் வாழ்ந்து இன்னும் பல சொல் என்று ஓகுன்ஜிமி வாழ்த்தினார். தகப்பனில்லாப் பிள்ளைகளின் எல்லையில் கைவைப்பதைப் பற்றி அவள் ஒரு வரி சொன்னாள். அந்த வரியை நான் இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் அரசர் முன் நானும் மன்னிப்புக் கேட்டு மண்டியிட வேண்டும். அப்புறம் என்னைத் தூக்கி நிறுத்த அரசரும் ஆயரும் சேர்ந்து வரவேண்டும்.

தன் தகப்பன் வாயாலேயே கேட்ட சொல் அது என்று ஓகுன்ஜிமி தலையாட்டினார். உடனே சாமுவேல் துள்ளி எழுந்தார்.

"இதெல்லாம் சிலைக்கு எண்ணெய் ஊத்துறவங்க பேச்சு. நான் ஞானஸ்நானம் வாங்கினவன். இது என்னைக் கட்டுப்படுத்தாது."

இபிதுன் விழித்தாள். அவள் முகத்தில் கள்ளமில்லை, குழப்பம்தான் இருந்தது.

"பெரியத்தான், போன ஞாயித்துக்கிழமை கோயில்ல நீங்க வாசிச்சதுதானே இது? புஸ்தகத்துப் பேரே ஓவேன்னு சொன்னீங்க. அப்ப மன்னிப்புக் கேக்காம எப்படிச் சொல்றது?"

ஆம், அன்பர்களே! திருமறையின் நீதிமொழிகள் நூலுக்கும் நம் மொழியில் ஓவே என்றுதான் பெயர்! பீடத்தில் நின்று படித்ததையே சிலை வணங்குவோர் பேச்சு என்று பழித்துவிட்டார் மூப்பர்! முற்றம் முழுக்கச் சிரித்தது. போதகர் பக்கத்தைப் புரட்டிப் படித்தே காட்டினார்.

அத்தோடு முடிந்ததா? எங்கே முடிந்தது! எங்கள் சொல்லை உங்கள் புத்தகம் எடுத்துக்கொண்டது என்றார் ஓகுன்ஜிமி. எங்கள் சொல்தான் காற்றுவாக்கில் உங்களிடம் வந்தது என்றார் போதகர். எது மூத்தது, எது முந்தியது? யார் கொடுத்தது, யார் எடுத்தது? உச்சிவெயில் ஏறிவிட்டது. இருவரும் ஓய்ந்தபாடில்லை. சாமுவேலோ சத்தமில்லாமல் தொப்பியை எடுத்து வாசலைப் பார்க்கத் தொடங்கினார்.

அப்போது, எழு என்று யாரும் சொல்லாமலே இபிதுன் எழுந்தாள்.

"அது யாரோடதா வேணா இருக்கட்டும், ஐயா. என் புள்ளைங்க நிலம் எங்க?"

போதகர் புத்தகத்தை மூடினார். ஓகுன்ஜிமி கைத்தடியைக் கீழே வைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, ஒரே நேரத்தில் சாமுவேல் பக்கம் திரும்பினார்கள். மறுநாள் காலை மூப்பர் தம் கையாலேயே பெரெகுனைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாய்வாக நட்டார், நிமிர்த்தி நடச் சொன்னேன்.

பெரியோர்களே! நம் சொல்லும் மறைச் சொல்லும் ஒன்று என்று இன்று கைதட்டி மகிழ்கிறோம். மகிழ்வோம், தவறில்லை. ஆனால் இரண்டு வாய்கள் ஒன்றைச் சொன்னால், தப்பிக்கும் வழியும் இரண்டு மடங்கு அடைபட்டுவிட்டது என்றல்லவா பொருள்? முன்னோர் பக்கம் ஓடினாலும் அதே சொல்! ஆலயத்துக்குள் ஒளிந்தாலும் அதே சொல்! எங்கே போவோம்? இந்தக் கூட்டத்தில் இபிதுன்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் மைத்துனர்களும் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், பார்வையைத் தாழ்த்தியவர்களை எனக்குத் தெரிகிறது.

பொறுமையோடு கேட்ட அரசருக்கும் ஆயருக்கும் நன்றி. தாய்மார்களுக்கு என் அன்பு. விருந்து காத்திருக்கிறது, வயிறார உண்ணுங்கள். உண்டபின், செடியை நகர்த்தி நட்டவர்கள் மட்டும் தங்கள் வீட்டுக்குப் போக வேண்டாம், நேரே தோட்டத்துக்குப் போங்கள். வணக்கம்.