அம்மாவின் கண்ணால் எழுதிய அத்தியாயம்

"ஓடுங்க! பதுங்குகுழிக்குள்ள இறங்குங்க!"

சந்துமுனையிலிருந்து அப்பா கத்துகிறார். 1942 ஏப்ரல் 5. ஈஸ்டர் ஞாயிறு. காலை ஏழரை தாண்டிவிட்டது. கொழும்புத் துறைமுகத்துக்குப் பின்னால் எங்கள் சந்து. முதலில் இரைச்சல். பிறகு பீரங்கிகள். பிறகு அடிவயிற்றில் கேட்கும் ஒரு சத்தம். நான் ஓடுகிறேன். எனக்கு ஒன்பது வயது. அம்மா குழாயடியில் இருக்கிறாள். இடுப்பில் தம்பி.

அடுத்த வாரம் அப்பா என்னை ரயிலேற்றி மலைநாட்டுக் கொட்டகலைக்குக் கொண்டுவந்தார். தேயிலைத் தோட்டத்தில் சித்தப்பாவின் லய வீட்டில் வளர்ந்தேன். படித்தேன். இன்று தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பதினெட்டு வருடம் கழித்து அந்தக் காலையை நாவலாக எழுதுகிறேன்.

முதல் அத்தியாயம் ஜப்பானிய விமானியின் கண்ணால். மேலிருந்து கூரைகள் மட்டும் தெரிந்தன. குண்டைப் போட்டுவிட்டுத் திரும்பினான். இரண்டாவது அப்பாவின் கண்ணால். குழாயடியில் புகை. அம்மா ஏன் அங்கே போனாள் என்று அவருக்குத் தெரியாது. மூன்றாவது அம்மாவின் கண்ணால். வானத்தைப் பார்க்கிறாள். நம்முடைய விமானங்கள்தான் என்று அவளே நினைக்கிறாள். குடத்தை எடுத்துக்கொண்டு போகிறாள். நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

என் கணவர் வாசித்தார். "அத்தை நெனச்சது ஒனக்கு எப்படித் தெரியும்? டீச்சரம்மா அவங்க மனசுக்குள்ள போயி ஒக்காந்திருந்தீங்களோ?" கிண்டலாகத்தான் கேட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அம்மா அப்படி நினைக்கவில்லை. "என்னடி சத்தம்? குழிக்குப் போயிருவமா?" என்று என்னைக் கேட்டாள். வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "ஒத்திகைம்மா. நெசமுன்னா அபாயச் சங்கு ஊதுவாங்க. பள்ளிக்கூடத்துல சொன்னாங்க" என்றேன். சங்கு ஊதவில்லை. நம்பினாள். போனாள்.

என்னை "அவள்" என்று எழுதினால் ஒன்பது வயதுச் சிறுமி, பாவம் என்பார்கள். அம்மாவின் கண்ணால் எழுதினால் நான் அந்தச் சந்திலேயே இல்லை. என் மகளுக்கு நான்கு வயது. இடி இடித்தால், "ஒன்னுமில்லதானம்மா?" என்கிறாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வருவதில்லை. தூக்கி வைத்துக்கொள்கிறேன். ஒருநாள் அவள் இதை வாசிப்பாள்.

மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்தேன். நான் சொன்னதை "நான்" என்றே எழுதினேன். இதுவாவது சரியா? தெரியவில்லை.

போனவை இவை. அம்மா, இருபத்தேழு. இன்று என் வயதும் அதுதான். தம்பி செல்வம், ஒன்றரை. குடம் கிடைத்தது, நசுங்கி. அவளுடையதென்று நான் எழுதிய பதினொரு பக்கங்கள். அப்பா போன மாசியில் இறந்தார். அவள் ஏன் குழிக்கு வரவில்லை என்று கடைசிவரை என்னிடம் கேட்டார். நான் சொல்லவில்லை. அவரையும் சேர்த்தே எண்ணுகிறேன். மூன்று பேர்.